எல்.எம்.வி.க்குப் பிடிச்ச ஏழரை

மக்களே, உங்க லைசென்ஸை எடுத்து ஒரு தடவை பாருங்க. கார் ஓட்டிக் காட்டி வாங்கினவங்களுக்கு எல்.எம்.வி.ன்னு மூணெழுத்து இருக்கும். இலகுரக வாகனம். இதை வெச்சுக்கிட்டு எதெல்லாம் ஓட்டலாம்னு கேட்டா, "கார்"னு ஒரே வார்த்தையில முடிச்சுடுவாங்க நம்ம ஆளுங்க. கொஞ்சம் விவரமானவங்க "சொந்த வண்டி ஓட்டலாம், மஞ்சள் போர்டு ஓட்டக் கூடாது"ம்பாங்க. ரெண்டுமே சரியான பதில் இல்லை.

1988 மோட்டார் வாகனச் சட்டத்துல இலகுரகம்னா 7,500 கிலோவைத் தாண்டாத வண்டி. கார், டிராக்டர்னா காலி வண்டியோட எடை. சரக்கு வண்டி, வேன்னா லோடு ஏத்தின மொத்த எடை. அந்தக் கணக்குப்படி காய்கறி ஏத்திட்டு வர்ற குட்டி யானையும் இலகுரகம், சரக்கேத்தினா அஞ்சு டன் பக்கம் நிக்கிற 407-ம் இலகுரகம்.

இதோட விட்டிருந்தா குழப்பமே இல்லை. ஆனா லைசென்ஸ் வகைகளைச் சொல்ற 10-ஆம் பிரிவுல 1994-ல கை வெச்சாங்க. நடுத்தர சரக்கு, நடுத்தர பயணியர், கனரக சரக்கு, கனரக பயணியர்னு நாலு வகை இருந்ததை எடுத்துட்டு, "போக்குவரத்து வாகனம்"னு ஒரே வகையா போட்டாங்க. இப்ப குட்டி யானை எதுல வரும்? எடையைப் பார்த்தா இலகுரகம். வாடகைக்கு ஓடுறதைப் பார்த்தா போக்குவரத்து வாகனம். ரெண்டு இஃப் கண்டிஷனும் ட்ரூ. நம்ம கோடுல இப்படி இருந்தா டெஸ்டிங்லயே பிடிச்சு மூஞ்சியில எறிஞ்சிருப்பாங்க. சட்டத்துல முப்பது வருஷம் ஓடிச்சு.

இதுல யாருக்கு என்ன போச்சுன்னு கேக்கறீங்களா? டெம்போ மோதி ஒருத்தர் செத்துப் போறார். டிரைவர்கிட்ட எல்.எம்.வி. மட்டும்தான் இருக்கு. "போக்குவரத்துன்னு தனியா குத்தலை, அதனால லைசென்ஸ் செல்லாது, நாங்க பணம் தர மாட்டோம்"னு இன்சூரன்ஸ் தரப்பு வாதாடும். குடும்பம் வருஷக்கணக்குல கோர்ட்டுக்கு நடக்கும். சில கேஸ்ல "முதல்ல குடும்பத்துக்குக் கொடு, அப்புறம் வண்டி ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கோ"ன்னு தீர்ப்பு வரும். அந்த ஓனர் பெரும்பாலும் கடன்ல ஒரே ஒரு வண்டி வாங்கி ஓட்டறவரா இருப்பார். இடிச்ச வண்டியோட டிரைவர் கார்டுல என்ன குத்தியிருக்குன்னு பார்த்துட்டா ஒருத்தன் அடிபடறான்?

2017-ல முகுந்த் தேவாங்கன் வழக்குல மூணு நீதிபதிகள், 7,500 கிலோவுக்குள்ள இருந்தா எல்.எம்.வி.யே போதும்னாங்க. இன்சூரன்ஸ் கம்பெனிகள் விடலை. கடைசியா 2024 நவம்பர் 6-ஆம் தேதி அஞ்சு நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வும் அதையே உறுதி பண்ணிடுச்சு. எல்.எம்.வி. வெச்சிருக்கறவங்க இந்த வண்டிகளை ஓட்டறதாலதான் விபத்து அதிகமாகுதுன்னு காட்ட யாரும் புள்ளிவிவரம் கொடுக்கலைன்னும் சொன்னாங்க. என்னைக் கேட்டா நூத்துக்கு நூறு சரியான தீர்ப்பு. எழுதி வெச்ச சட்டத்துக்கு அதைவிட நியாயமான அர்த்தம் கிடையாது.

ஆனா சட்டமே சரியா இருக்கா? இங்கதான் என் புலம்பல்.

20 வயசு ஆகணும், ஒரு வருஷமாவது எல்.எம்.வி. கையில இருந்திருக்கணும்ங்கிற கூடுதல் தகுதியெல்லாம் இனி 7,500 கிலோவுக்கு மேல போற வண்டிக்குத்தான். அதாவது 18 வயசுப் பையன் ஒரு சின்ன கார்ல டெஸ்ட் பாஸ் பண்ணிட்டு, மறுநாளே ஏழு டன் வேனை லோடோட எடுத்துட்டுப் போகலாம். சின்ன கார் காலியா ஒரு டன்கூட இருக்காது. பிரேக் பிடிச்சா வண்டி நிக்கிற தூரம், திருப்பும்போது பின்சக்கரம் வெட்டற இடம், கண்ணாடியில தெரியாத மூலை... எல்லாமே வேற. எடை ஒண்ணுதான் முக்கியம்னு சட்டம் சொல்லுது. அந்த எடையில டெஸ்ட் வைக்கணும்னு மட்டும் சொல்லலை.

பிரிட்டன்லயும் கார் லைசென்ஸுக்கு இதே ஏழரை டன் இருந்தது. 1997 ஜனவரி 1-க்கு அப்புறம் பாஸ் பண்ணவங்களுக்கு அதை 3,500 கிலோவாக் குறைச்சாங்க. அதுக்கு மேல ஏழரை டன் வரைக்கும் சி1-ன்னு தனி வகை, தனி டெஸ்ட். அதுக்கு முன்னாடி வாங்கினவங்க உரிமையில கை வைக்கலை.

பைக் கதையும் இதேதான். கியர் வண்டிக்கு நமக்கு ஒரே வகை. 100 சிசியில எட்டு போட்டுக் காட்டினவன் அதே கார்டை வெச்சுக்கிட்டு 650 சிசியில சீறலாம். ஐரோப்பாவுல 125 சிசிக்கு ஒண்ணு, நடுத்தர சக்திக்கு ஒண்ணு, அதுக்கு மேல ஒண்ணுன்னு மூணு படி.

"ஏற்கனவே வண்டி ஓட்டிப் பிழைக்கறவன் வயித்துல அடிக்கறியா?"ன்னு சிலர் கேப்பீங்க. கண்டிப்பா இல்லை. பிரிட்டன் மாதிரி பழைய கார்டு எல்லாம் அப்படியே செல்லட்டும். புதுசா வாங்கறவங்களுக்கு மட்டும் 3,500 கிலோவுல ஒரு கோடு போடுங்க, அதுக்கு மேல அந்த எடை வண்டியிலயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. பழைய யூசரை உடைக்காம புது வெர்ஷன் விடறதைத்தான் நாமளும் தினம் ஆபீஸ்ல ஆணியா புடுங்கிட்டு இருக்கோம்.

நஷ்டஈட்டு குழப்பத்தை கோர்ட் தீர்த்து வெச்சிடுச்சு. விபத்தே நடக்காம பாக்கற வேலை பாராளுமன்றத்தோடது. நீங்க என்ன நினைக்கறீங்க மக்களே?

டிஸ்கி: அபாயகரமான சரக்கு ஏத்தற வண்டிக்கும் இ-ரிக்‌ஷாவுக்கும் தனி விதிகள் அப்படியேதான் இருக்கு. இந்தப் பதிவைக் காட்டி பெட்ரோல் டேங்கரை எடுத்துட்டுக் கிளம்பிடாதீங்க சாமி!