கணக்கெடுப்புச் செயலியில் படிவ மாற்றங்களை முறைப்படுத்தக் கோரும் மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
களக் கணக்கெடுப்புப் பணியாளர் சங்கம், மாவட்டக் கிளை.

பெறுநர்
உயர்திரு திட்ட இயக்குநர் அவர்கள்.

பொருள்: கணக்கெடுப்பின் நடுவே மின்னணுப் படிவங்களை மாற்றுவது, பழைய பதிப்பு என்று படிவங்களைத் தள்ளி ஊதியம் பிடிப்பது – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

குடிநீர், கழிப்பறை, குடும்ப உறுப்பினர் விவரங்களை வீடு வீடாகச் சென்று கைபேசியில் பதிவு செய்பவர்கள் நாங்கள். ஓடிகே கலெக்ட் செயலியில் வேலை பார்க்கிறோம். செயலி மீது எங்களுக்குக் குறை இல்லை. சிக்னல் இல்லாத ஊரிலும் படிவத்தை நிரப்பி வைத்துக்கொண்டு பிறகு அனுப்பலாம் என்பது பெரிய வசதி. கணக்கெடுப்பு நடக்கும்போதே, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் படிவத்தை மாற்றுவதுதான் எங்கள் குறை.

காலையில் சிக்னல் கிடைத்தவருக்குப் புதிய படிவம் இறங்கிவிடுகிறது. மலைமேல் இருக்கும் ஊருக்குப் போனவர் கீழே வரும் வரை பழைய படிவத்தில்தான் எழுத முடியும். இருவரும் செய்தது ஒரே வேலை. ஆனால் பின்னவருடைய படிவங்கள் தள்ளுபடியாகி, ஊதியத்தில் பிடித்தமும் ஆகிறது. மறுபடி அதே வீட்டுக்குப் போனால், "நேத்துதானே எல்லாத்தையும் சொன்னோம்" என்கிறார்கள். அதற்கு நாங்கள் என்ன பதில் சொல்வது?

இதைவிடப் பெரிய கேடு ஒன்று யார் கண்ணிலும் படாமல் நடக்கிறது. குடிநீர் எங்கிருந்து கிடைக்கிறது என்ற கேள்வியில் 4 என்ற குறியீடு முதலில் 'கிணறு'. இடையில் 'கேன் தண்ணீர்' என்ற விடையைச் சேர்த்தவர்கள் அதற்கு 4ஐக் கொடுத்து, கிணற்றை 5க்குத் தள்ளிவிட்டார்கள். திரையில் நாங்கள் பார்ப்பது சொல். சர்வருக்குப் போவது எண். கிணற்று நீர் குடிக்கும் ஊர், அட்டவணையில் கேன் தண்ணீர் வாங்கும் ஊராகிவிட்டது. அந்தக் கிணற்றைத் தூர்வார இனி யார் நிதி ஒதுக்குவார்கள்? எழுத்தில் விடை வாங்கிய கேள்வியை எண் கேள்வியாக மாற்றினால் ஓடிகே சென்ட்ரல் சர்வரே ஏற்க மறுக்கும். குறியீட்டின் பொருளை மாற்றினால் எந்தச் சர்வருக்கும் தெரியாது. அதை மனிதர்தான் பார்த்துத் தடுக்க வேண்டும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் என்னென்ன கேட்கலாம் என்பதை அரசிதழில் வெளியிட வேண்டும் என்கிறது 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு. கேள்வியை மாற்றுவது அவ்வளவு பெரிய காரியமாகக் கருதப்படுகிறது. நமது திட்டத்துக்கு அரசிதழ் வேண்டாம். தேதியிட்ட ஒரு சுற்றறிக்கை போதும்.

ஆகவே, ஒரு கணக்கெடுப்புச் சுற்று முடியும் வரை, பிழைதிருத்தம் தவிர வேறு மாற்றம் கூடாது. திருத்தியே ஆக வேண்டுமென்றால், வரைவு நிலையிலேயே களப்பணியாளர் இரண்டு மூன்று பேரிடம் கொடுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். எந்தக் கேள்வி, எப்படி மாறியது, ஏன் என்பது தமிழில் முன்கூட்டியே எங்களுக்கு வர வேண்டும். பதிப்பு எண் 2025061501 என்பதைப் போல ஆண்டு, மாதம், நாள், அன்றைய வரிசை என்று அமையட்டும். இப்போது 'இறுதி' என்று ஒரு பதிப்பு வருகிறது. அதன் பிறகு 'புதிய இறுதி' வருகிறது. ஒருமுறை பயன்படுத்திய குறியீட்டை வேறு விடைக்குக் கொடுக்கக் கூடாது. புதிய விடைக்குப் புதிய எண் தர வேண்டும். களத்தில் இருப்பவர்கள் கையிலுள்ளதை அனுப்பி முடிக்கும் வரை பழைய பதிப்பும் ஏற்கப்பட வேண்டும்.

ஏற்கெனவே கலந்துபோன விவரங்களுக்காக மீண்டும் வீடு ஏற வேண்டியதில்லை. எந்தப் பதிப்பில் நிரப்பப்பட்டது என்பது ஒவ்வொரு படிவத்தோடும் பதிவாகியிருக்கிறது. அதை வைத்து 4ஐயும் 5ஐயும் அலுவலகத்திலேயே பிரித்துவிடலாம். அதைச் செய்பவருடன் உட்கார எங்கள் உறுப்பினர்கள் தயார்.

பழைய பதிப்பு என்ற காரணத்துக்காகப் பிடித்த ஊதியத்தைத் திருப்பி வழங்கவும், அடுத்த சுற்று தொடங்கும் முன் எங்கள் நிர்வாகிகளை அழைத்துப் பேசி எழுத்துமூலம் ஆணையிடவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சங்க நிர்வாகிகள் மற்றும் உறுப்பினர்கள்