அந்த இருபது வயதை இருபது வயதாகவே கேட்போம்

எட்வேர்ட் எல்கரின் செல்லோ கொன்செர்ட்டோவைத் தேடினால் பெரும்பாலும் முதலில் வருவது 1965ஆம் ஆண்டு ஒலிப்பதிவுதான். செல்லோ வாசிப்பது ஜக்குலின் டு பிரே. லண்டன் சிம்பொனி இசைக்குழுவை நடத்துவது ஜோன் பார்பிரோலி. இதைப் பற்றிக் கதைக்கிற ஆக்கள் கெதியாவே அவருடைய நோய்க்கு வந்துவிடுவார்கள். 28 வயதில் மல்ரிப்பிள் ஸ்க்லெரோசிஸ் என்று தெரியவந்தது, வாசிக்க முடியாமல் போனது, 42 வயதில் இறந்தது. அந்தத் துயரமெல்லாம் இந்த வாசிப்பில் முன்கூட்டியே கேட்கிறது என்றும் சொல்வார்கள்.

எனக்கு இதில் உடன்பாடில்லை.

ஆண்டுகளைப் பாருங்கோ. ஒலிப்பதிவு 1965 ஓகஸ்ட்டில். நோய் கண்டறியப்பட்டது 1973இல். அன்றைக்கு மைக்குக்கு முன்னால் இருந்தது 20 வயதுப் பிள்ளை. பத்து வயதிலிருந்து வில்லியம் பிளீத்திடம் பயின்றவர். இதே படைப்பை 17 வயதிலேயே லண்டன் றோயல் ஃபெஸ்டிவல் மண்டபத்தில் வாசித்தவர். எட்டு வருசம் கழித்து வரப்போகும் செய்தி அவருடைய வில்லுக்கு எப்படித் தெரியும்?

துயரம் அந்த இசையில் இருக்கிறது, உண்மை. ஆனால் அது எல்கருடையது. முதலாம் உலகப்போர் முடிந்த கையோடு, 1919இல், அறுபது வயதைக் கடந்த பிறகு எழுதியது. அந்த ஒக்ரோபரில் நடந்த முதல் அரங்கேற்றம் சரிவரவில்லை; ஒத்திகை நேரத்தின் பெரும்பகுதியை அதே கச்சேரியின் மற்றப் படைப்புகளுக்கு இன்னொரு நடத்துநர் எடுத்துக்கொண்டார். அன்று இசைக்குழுவின் செல்லோ வரிசையில் இருந்த 19 வயதுப் பெடியன்தான் பார்பிரோலி. 46 வருசத்துக்குப் பிறகு அதே படைப்பை அவர் நடத்த, தன் அன்றைய வயதை ஒத்த ஒருத்தி வாசிக்கிறார். எனக்கு நோயைவிட இந்தக் கதைதான் பெரிசாகத் தெரிகிறது.

இனிக் கேட்டுப் பாருங்கோ. தொடக்கத்தில் செல்லோ தனியாக வாசிக்கும் கனத்த ஸ்வரக்கூட்டுகள். பிறகு வயோலாக்கள் மட்டும் ஒரு மெட்டைக் கொண்டுவரும். செல்லோ அதை வாங்கிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் செல்லோ படிப்படியாக மேலே ஏறி, உச்சியில் முழு இசைக்குழுவிடமும் அதை ஒப்படைக்கும். அந்த ஏற்றத்தில் எனக்குக் கேட்பது பலம். இரண்டாம் பகுதியில் சின்னச் சின்ன ஸ்வரங்கள் படபடவென்று ஓடும், அதில் குறும்பும் இருக்கிறது. எல்லாமே சோகம் என்றால் இதை எங்கே வைப்பது?

எல்கரே நடத்த பீட்ரிஸ் ஹரிசன் வாசித்த 1928ஆம் ஆண்டு ஒலிப்பதிவும் இருக்கிறது. அது இவ்வளவு தங்கி நிற்காமல் நகரும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் டு பிரே எங்கெங்கே தாமதிக்கிறார், எங்கே வில்லை அழுத்துகிறார் என்று வடிவாக விளங்கும். அவையெல்லாம் அவர் எடுத்த முடிவுகள். கூடிப்போச்சு என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும்; அது அவருடைய வாசிப்பைப் பற்றிய விமர்சனம். விதி பேசுகிறது என்று சொல்வதைவிட அது மரியாதையானது.

தெரிந்த கதையை மறக்க ஏலாது. நானும் அந்தக் கதையோடுதான் முதலில் கேட்டேன், அழுதேன். ஆனால் ஒரு பெண்ணின் திறமைக்கு அவளுடைய நோயைக் காரணமாகச் சொல்லும்போது, அவள் பழகிய வருசங்களும் யோசித்து எடுத்த முடிவுகளும் காணாமல் போகின்றன. இளவயதில் போன கலைஞர்களை, அதுவும் பெண்களை, நாங்கள் கனதரம் இப்படித்தான் நினைவுகூருகிறோம்.

முழுவதும் கிட்டத்தட்ட 30 நிமிடம். கடைசியில் மூன்றாம் பகுதியின் மெதுவான மெட்டு ஒருதரம் எட்டிப் பார்க்கும், தொடக்க ஸ்வரக்கூட்டுகள் திரும்ப வரும், உடனே ஒரு வேக ஓட்டத்தில் எல்லாம் முடியும். அடுத்த முறை கேட்கும்போது 1973ஐ ஒரு பக்கம் வையுங்கோ. தன் வேலை என்னவென்று நன்றாகத் தெரிந்த, எங்கட வயதுக்காரி ஒருத்தி வாசிக்கிறார் என்று நினைத்துக் கேளுங்கோ.