ஓதத்தின் ஊற்றுக்கண்

பழைய கல்வீட்டின் சுவரில் ஓதம் ஏறினால், 'வீட்டுக்கு வயதாகிவிட்டது' என்று சொல்லிவிடுகிறோம். இத்தீர்ப்பில் எங்களுக்கு உடன்பாடில்லை. வயது ஈரத்தைக் கொண்டுவருவதில்லை. பல்லாண்டுகள் காய்ந்து நின்ற சுவர் இன்று நனைகிறதென்றால், இடையில் எவரோ எதையோ மாற்றியிருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்காமல் செய்யும் வைத்தியம் வீண்செலவு மட்டுமன்று; பெரும்பாலும் அதுவே அடுத்த நோய்.

உதகமண்டலத்தில் உள்ள எங்கள் குடும்ப வீட்டில் பட்டுத் தெளிந்தது இது. முதலில் ஈரம் புகாத வண்ணம் பூசினோம்; ஓராண்டில் உரிந்தது. பிறகு சிமெண்ட் பூச்சு. முழங்கால் உயரத்தில் இருந்த ஈரம் இடுப்பளவுக்கு ஏறியது. மூன்றாவதாக வந்தவர் ஒரு கருவியைச் சுவரில் வைத்துப் பார்த்து, துளையிட்டு ரசாயனம் செலுத்தவேண்டும் என்றார். செலுத்தினோம். பூஞ்சண வாடை போகவில்லை. அம்மாவின் மூச்சிரைப்பு கூடியது. இடித்துவிடலாம் என்று குடும்பத்தில் ஏறக்குறைய முடிவே ஆகிவிட்டது.

அக்கருவி ஈரத்தை நேரடியாக அளப்பதில்லை. மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதையே அளக்கிறது. உப்புப் பூத்த சுவர் சற்றே ஈரமாயிருந்தாலும் அதன் முள் எகிறும். அதைவிட நம்பகமானது பொறுமை. மழை பெய்த சில மணி நேரத்தில் தோன்றும் ஈரம் கூரையிலிருந்தோ தூம்பிலிருந்தோ வருவது. பனிக்காலக் காலைகளில் மட்டும் துளிர்ப்பது, அறைக்காற்றின் ஆவி குளிர்ந்த சுவரில் படிவது. எக்காலமும் அடிச்சுவரைப் பற்றிக்கொண்டு மேலே உப்புக்கோடு இடுவது மண்ணிலிருந்து வருவது. ஐயமிருந்தால் ஓர் அலுமினியத் தாளைச் சுவரில் நான்கு புறமும் ஒட்டிவைத்து, இரண்டொரு நாள் கழித்துப் பாருங்கள். நீர் தாளின் முன்புறம் நின்றால் குற்றவாளி அறைக்காற்று. பின்புறம் நின்றால் சுவர்.

எங்கள் வீட்டில் நீர் பின்புறம் நின்றது. வெளியே தோண்டிப் பார்த்தோம். சுவரை ஒட்டிய மலர்ப்பாத்தி, ஆண்டுதோறும் மண்ணும் எருவும் கொட்டியதில், உள்தளத்தைவிட ஒன்றரை அடி உயர்ந்திருந்தது. இரு பருவமழையும் பெய்யும் ஊரில் அம்மண் காய்வதே இல்லை.

ஈரத்தின் ஊற்று அது. அதை வெளியேறவிடாமல் அடைத்தது எங்கள் சிமெண்ட். ஜான் சல்லிவன் உதகையில் தம் கல்வீட்டைக் கட்டத் தொடங்கியது 1822-இல். போர்ட்லண்ட் சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றது 1824-இல்தான். எங்கள் வீட்டைப் போல சுண்ணாம்பும் மண்ணும் வைத்துக் கட்டிய சுவர்களுக்குத் தனியியல்பு உண்டு. நீலகிரியின் கருங்கல் நீரை அவ்வளவாகக் குடிக்காது; நீர் இணைப்புகளின் வழியே நடக்கிறது. சுண்ணாம்புக் காரை அதை ஆவியாக வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அவ்வழியை அடைக்க, நீர் பூச்சில்லாத இடம் தேடி மேலேறுகிறது. கொண்டுவந்த உப்பை அங்கே விட்டுச் செல்கிறது.

பாத்தியை அமைத்தவர் அம்மா. அவரிடம் இதை எப்படிச் சொல்வதென்று இரண்டு நாள் தயங்கினோம். கேட்டதும், "ரோஜாவைத் தொட்டியில வெச்சுக்கலாம்டா, சுவரை வெக்க முடியுமா?" என்றார்.

மண்ணை அகற்றினோம், சிமெண்டைக் கவனமாகக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பு பூசினோம், அடைத்திருந்த புகைபோக்கியைத் திறந்தோம். ஓர் அங்குலத் தடிமன் காய ஏறத்தாழ ஒரு மாதம் என்பது பழைய கட்டடங்களைப் பேணுவோரின் தோராயக் கணக்கு. எங்கள் சுவர் பதினெட்டு அங்குலம். இரண்டாம் ஆண்டில்தான் வாடை நீங்கியது.

ஆகவே, பழைய வீட்டை இடிக்க நினைப்போருக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றே: கடப்பாரையை முதலில் சுவரில் வைக்காதீர்கள், சுவரோரத்து மண்ணில் வைத்துப் பாருங்கள்.