திங்கள்தோறும் கூடினர், விற்போர் விடையிறுத்தனர்

கணிப்பொறி வாங்கியவன் தனியனாய் நிற்கும்வரை விற்பவன் சொல்வதே அவனுக்கு வேதமாகும். அமெரிக்காவின் பாசுட்டன் நகரில் 13 அகவைச் சிறுவன் யோனத்தான் உரோட்டன்பர்கு 1977-இல் தொடங்கிய கணிப்பொறிக் கழகம் அந்நிலையை மாற்றிக் காட்டிற்று. முதற் கூட்டத்திற்கு வந்தோர் மிகச் சிலரே. எனினும் திங்கள்தோறும் கூடினர். தெரிந்தவர் எளிய சொற்களில் விளக்க, தெரியாதவர் கூச்சமின்றி வினவினர். விற்போர் மறைத்த குறைகளும் அவையில் வெளிப்பட்டன.

1984 சனவரி 30-இல் ஆப்பிள் நிறுவனத்தின் இசுட்டீவு சாப்சே தம் குழுவினருடன் மெக்கிண்டாசைக் கொணர்ந்து அக்கழகத்தார்முன் காட்டினார்; அவர்தம் வினாக்களுக்கு அக்குழு விடையிறுத்தது. கூடியிராதோர்க்கு இம்மதிப்புக் கிட்டியிருக்குமா?

பின்னர் உறுப்பினர் 30,000-ஐக் கடந்தும், 1996-இல் கழகம் கலைக்கப்பட்டது. கருவி எளிதாயிற்று, இனிக் கூட்டம் எதற்கு என்பாரும் உளர். ஆனால் தாம் வாங்கிய கருவியைத் தாமே பழுதுநீக்கும் உரிமைக்கு அந்நாட்டு மக்கள் இன்று மாநிலம் மாநிலமாகச் சட்டம் கேட்டு நிற்கின்றனர்.