காட்டூர் கட்டூர் ஆகலாமா?



திருச்சிராப்பள்ளிக்குக் கிழக்கே, தஞ்சைப் பெருஞ்சாலையில் அமைந்த ஊர் காட்டூர். அப்பெயரே ஓர் இலக்கணப் பாடம். காடு என்பதனோடு ஊர் என்பது சேருங்கால், டகரம் இரட்டித்துக் காட்டூர் ஆகிறது. வீட்டை, நாட்டார், ஆற்றில், சோற்றில் என நாம் நாளும் வழங்கும் சொற்களிலும் இந்நெறியே இயங்குகிறது. பள்ளிப் பக்கமே போகாத பாட்டியும் 'காடூர்' என்று சொல்லமாட்டாள். இலக்கணம் புலவர் பூட்டிய தளையன்று. அது மக்கள் நாவில் பிறந்தது. புலவர் அதனைக் கண்டு நூலில் பொறித்தனர்.

அதே ஊர்ப்பெயரை இன்றைய இளைஞன் கைப்பேசியில் எவ்வாறு எழுதுகிறான்? ஆறு உரோமன் எழுத்துகளைத் தட்டுகிறான். அந்த ஆறெழுத்தும் காட்டூருக்கும் உரியன, கட்டூருக்கும் உரியன, கத்தூருக்கும் உரியன! குறிலும் நெடிலும் ஒன்றாயின. டகரமும் தகரமும் ஒன்றாயின. பொறி தன் கணக்கின்படி ஏதோ ஒன்றைத் தமிழெழுத்தாக்கி நீட்டுகிறது. அவனும் அதனை ஏற்றுப் புலனத்திலும் முகநூலிலும் அனுப்பிவிடுகிறான்.

காட்டூரை அடுத்துள்ளது திருவெறும்பூர். தேவர்கள் எறும்பு வடிவில் வழிபட்டனர் என்னும் கதையை ஒட்டி வழங்கும் பெயர் அது. கதையை நம்புவோர் நம்புக, நம்பாதோர் விடுக. ஆயின், எறும்புக்கு உரியது வல்லின றகரம். அவ்விடத்தில் இடையின ரகரத்தை இட்டால், ஊர்ப்பெயரிலிருந்து எறும்பே ஓடிவிடும்!

உரோமன் வழியாகத் தமிழைத் தட்டுவோர்க்கு ரகரமும் றகரமும் ஒன்று. லகரமும் ளகரமும் ஒன்று. ந, ண, ன மூன்றும் ஒன்று. தமிழுக்கு அவை ஒன்றா? வலி என்பது நோவு. வளி என்பது காற்று. அரம் இரும்பை அராவும். அறம் வாழ்வை ஆளும். மனம் உள்ளம், மணம் மலருக்குரியது. ஓரெழுத்து மாறினால் பொருளே மாறும் மொழியில், எழுத்துப் பிழை சிறு பிழையாகுமா?

தெருவில் தொங்கும் நெகிழிப் பதாகைகளைப் பாருங்கள். 'முயற்ச்சி', 'பயிற்ச்சி', 'அதற்க்கு' என்று ஆளுயர எழுத்தில் பிழைகள் நிற்கின்றன. இவற்றைத் தவிர்க்கப் பெரும்புலமை வேண்டா. ஒரே நெறியை நினைவில் வைத்தாற்போதும். ஒரு தமிழ்ச்சொல்லினுள் புள்ளி பெற்ற மெய்கள் இரண்டு அடுத்தடுத்து நிற்குமாயின், அவற்றுள் முன்னது ய், ர், ழ் என்னும் மூன்றனுள் ஒன்றாகவே இருக்கும். காய்ச்சல், பார்த்தான், வாழ்க்கை என்பன காண்க. றகர மெய்க்குப்பின் இன்னொரு புள்ளியெழுத்து வாராது. ஆகவே முயற்சி, பயிற்சி, அதற்கு என்பனவே சரி.

ஒற்று மிகுதலும் இவ்வாறே பொருள் காக்கும் வேலி. தந்த பலகை என்றால் ஒருவர் கொடுத்த பலகை. தந்தப் பலகை என்றால் யானை மருப்பாலாகிய பலகை. கைமாறு என்றால் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறு; கைம்மாறு என்றால் செய்ந்நன்றிக்கு ஈடு. ஒற்றை விட்டவன் பொருளையும் விட்டான்.

எழுதுகருவி மாறுவது நமக்குப் புதிதன்று. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியுமென்று பழையோர் புள்ளியை விட்டெழுதினர் என்பர். எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் ஓலையில் மயங்கிக் கிடந்தன. 18ஆம் நூற்றாண்டில் இத் திருச்சிராப்பள்ளிப் பகுதியில் வாழ்ந்த வீரமாமுனிவர் அம்மயக்கத்தை நீக்க வடிவம் வகுத்தார். அச்சு வந்தபின் புள்ளி மீண்டும் நிலைபெற்றது. 1978இல் தமிழ்நாட்டரசு ணா, றா, னா, லை, ளை முதலியவற்றின் வடிவைச் சீர்செய்தது. இவையெல்லாம் எழுத்தின் உருவைத் தொட்ட மாற்றங்கள். இன்றைய கேடோ எழுத்துகளுக்கிடையே உள்ள வேறுபாட்டையே உண்கிறது.

அச்சுக்கோத்த காலத்தில், எழுதுவோனுக்கும் படிப்போனுக்கும் இடையே மெய்ப்பு நோக்குநர் ஒருவர் இருந்தார். அவர் கண்ணுக்குத் தப்பிய பிழையே வெளிவந்தது. இன்று எழுதுவோனே வெளியிடுவோன், நடுவில் எவருமில்லை. அன்று ஒருவர் செய்த காவலை இன்று ஒவ்வொருவரும் செய்தாக வேண்டும்.

அவ்வாறாயின் பொறிதான் பகையோ? இல்லை! 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி உருவாகி, அவ்வாண்டே தமிழ்நாட்டரசு ஏற்ற 'தமிழ் 99' விசைப்பலகையைக் காண்க. அதில் ககரத்தை இருமுறை தட்டினால் முன்னதன்மேல் தானே புள்ளி விழும். நகரத்தையடுத்துத் தகரத்தையும், மகரத்தையடுத்துப் பகரத்தையும் தட்டினாலும் அவ்வாறே. மெல்லினத்துக்கு வல்லினம் இனம் என்னும் பழந்தமிழ் நெறி அங்கே பொறிக்குள் புகுந்து பணிசெய்கிறது. பொறி தமிழைக் கற்கும். கற்பிக்க நாம் வேண்டும்.

இங்கேதான் இன்னொரு பேரிடர் உள்ளது. இன்றைய பொறிகள் நாம் எழுதிக் குவிப்பவற்றைப் படித்தே அடுத்த சொல்லை முன்மொழியக் கற்கின்றன. அவை மிகுதியாகக் காண்பதையே மிகுதியாக நீட்டும். நாம் இன்று 'முயற்ச்சி' என்று ஆயிரம் முறை எழுதினால், நாளை நம் பேரனுக்குப் பொறி 'முயற்ச்சி' என்றே எடுத்துக்கொடுக்கும். ஓலைப்பிழை ஓரோலையோடு நின்றது. இப்பிழை தானே பெருகும்.

"பொருள் விளங்கினாற் போதாதா?" என்பர் சிலர். வேலைக்கு விடுக்கும் ஆங்கில மடலில் ஓரெழுத்து பிறழ்ந்தாலும் அவர்கள் நாணுவதில்லையா? அந்நாணம் தாய்மொழியில் மட்டும் ஏன் எழவில்லை? ஆங்கிலப் பிழை அறியாமையாம். தமிழ்ப் பிழை எளிமையாம்! இவ்வடிமை மனமே முதற்பிழை. மற்றவை அதன் மக்கள்.

ஆகவே அன்பர்களே, மூன்று செய்வோம். கைப்பேசியில் உரோமன் வழியை விடுத்துத் தமிழ் விசைப்பலகையை அமைத்துக்கொள்வோம். கை பழகும்வரை சின்னாள் தடுமாற்றம் இருக்கும், பின் அது நீங்கும். எதனையும் அனுப்புமுன் ஒருமுறை படிப்போம். ஐயுற்றால் அகரமுதலியைத் திறப்போம். பதாகை அடிக்கக் கொடுப்போர், அச்சேறுமுன் தமிழறிந்த ஒருவரிடம் காட்டித் திருத்துக. தெருமுனைப் பதாகையில் பிழை கண்டால் நகைத்துக் கடவாமல், கடைக்காரரிடம் கனிவோடு எடுத்துச் சொல்வோம்.

அரசும் பள்ளிகளில் தமிழ்த் தட்டச்சைக் கட்டாயப் பயிற்சியாக்கல் வேண்டும். எழுதக் கற்கும் குழந்தை மணலிலும் பலகையிலும் அகரம் எழுதுவதுபோல், விசைப்பலகையிலும் அகரத்தையே முதலில் தொடட்டும்!