சட்டம் மாறுகிறது, கணினி அதைச் சரியாகக் கணக்கிடுகிறதா?

கடந்த ஈராண்டுகளில் நம் நாட்டில் வந்த சில மாற்றங்களை வரிசையாகப் பார்ப்போம். 2024 மார்ச்சில் சேவை வரி 6 விழுக்காட்டிலிருந்து 8 ஆனது. ஆனால் உணவு, தொலைத்தொடர்பு போன்ற சில சேவைகளுக்கு 6 விழுக்காடே நீடித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், 100 மில்லியன் வெள்ளிக்கு மேல் ஆண்டு விற்பனை உள்ள நிறுவனங்களுக்கு மின்-விலைப்பட்டியல், அதாவது இ-இன்வாய்ஸ், கட்டாயமானது. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 ஆக உயர்ந்தது. ஜூலையில் விற்பனை, சேவை வரியின் வரம்பு விரிவானது. அக்டோபர் சம்பளத்திலிருந்து அந்நியத் தொழிலாளர்களுக்கும் 2 விழுக்காடு சேமநிதி (இ.பி.எஃப்.) பிடிக்க வேண்டும். 2026 ஜனவரியில் இ-இன்வாய்ஸ் 5 மில்லியன் வெள்ளி வரை விற்பனை உள்ள சிறு நிறுவனங்களையும் எட்டியது.

இவை ஒவ்வொன்றும் நமக்கு ஒருநாள் செய்தி. நிறுவனங்களுக்கோ ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வேலை காத்திருக்கிறது. சம்பளமும் விலைப்பட்டியலும் போடும் மென்பொருளை யாராவது திறந்து, கணக்கைத் திருத்தியாக வேண்டும். ஒன்றைத் திருத்தும்போது ஏற்கெனவே சரியாக இருந்த இன்னொன்று கெட்டுப்போகலாம். அதை யார், எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. 'தானியங்கிச் சோதனை' என்று கணினித்துறையில் சொல்வது இதற்கான வழிதான்.

பெரியம்மா கண்ட 10 காசு

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் முதலில் வரும் ஊர் எங்கள் ரிங்லெட். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்களும் காய்கறிப் பண்ணைகளும்தான். என் பெரியம்மா இங்கே ஒரு காய்கறி மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறார். கடந்த பருவ விடுமுறையில், கல்லூரியில் படித்ததைச் செய்து பார்க்கும் ஆசையில், ஓடூ என்ற வணிக மென்பொருளை என் மடிக்கணினியில் நிறுவினேன். அதன் அடிப்படைப் பதிப்பு இலவசம், பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. சம்பளப் பகுதி அந்தப் பதிப்பில் இல்லாததால், சேமநிதிக் கணக்குக்கு மட்டும் நானே ஒரு சிறு நிரல் எழுதினேன்.

தொழிலாளியின் பங்கு 11 விழுக்காடு, 5,000 வெள்ளி வரை முதலாளியின் பங்கு 13 விழுக்காடு. பெருக்கினால் போதும் என்று நினைத்தேன். சம்பளம் 1,710 வெள்ளி என்று கொடுத்தேன். தொழிலாளி பங்கு 188.10 வெள்ளி என்று வந்தது. பெருமையோடு பெரியம்மாவிடம் காட்டினேன்.

ஒரு பார்வைதான் பார்த்தார். "சேமநிதியில காசு வராது கண்ணு. அட்டவணையைப் பாத்தியா?"

நான் பார்த்திருக்கவில்லை. சேமநிதிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை சம்பளத்தை 5,000 வெள்ளி வரை 20 வெள்ளிப் படிகளாகப் பிரிக்கிறது. 1,710 வெள்ளி, 1,700.01 முதல் 1,720 வரையுள்ள படியில் விழும். அந்தப் படியின் மேல் எல்லையான 1,720க்குத்தான் விழுக்காடு. வரும் தொகையை அடுத்த முழு வெள்ளிக்கு உயர்த்த வேண்டும். ஆக, தொழிலாளி 190 வெள்ளி, முதலாளி 224 வெள்ளி. என் நிரல் ஒவ்வொரு மாதமும் இருவர் பங்கையும் குறைத்தே கட்டியிருக்கும். ஓய்வுகாலப் பணத்தில் ஒரு தொழிலாளிக்கு மாதம் மூன்று வெள்ளி, அறுபது காசு குறைந்திருக்கும்.

நிரல் ஓடியது, பிழைச்செய்தி ஏதும் வரவில்லை. பெரியம்மா இல்லையென்றால் அது சரியென்றே நம்பியிருப்பேன்.

அவர் பார்வையை நிரலாக்குவது

பெரியம்மாவால் ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் எல்லாச் சம்பளத்தையும் சரிபார்க்க முடியாது. அவருக்குத் தெரிந்த விடைகளை ஒருமுறை எழுதி வைத்துவிட்டால், கணினி அதைச் சலிக்காமல் செய்யும். தானியங்கிச் சோதனை என்பது அவ்வளவுதான்: இந்தச் சம்பளம் கொடுத்தால் இந்த விடை வர வேண்டும், வராவிட்டால் உடனே சத்தம் போடு.

அட்டவணையை மேசையில் விரித்து, இருவரும் ஒரு தாளில் எழுதினோம்.

1,700 வெள்ளி: தொழிலாளி 187, முதலாளி 221.
1,700.01 வெள்ளி: 190, 224.
5,000 வெள்ளி: 550, 650.
5,001 வெள்ளி: 561, 612.

கடைசி இரண்டு வரிகளைக் கவனியுங்கள். சம்பளம் ஒரு வெள்ளி கூடியதும் முதலாளியின் பங்கு 38 வெள்ளி குறைகிறது. 5,000ஐத் தாண்டினால் அவர் விகிதம் 13லிருந்து 12 ஆகிறது, படியும் 100 வெள்ளியாக மாறுகிறது. பிழைகள் பெரும்பாலும் இப்படிப்பட்ட எல்லைகளில்தான் ஒளிந்திருக்கும். அதனால் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று எனச் சோதிப்பது நல்ல பழக்கம். "மாசச் சம்பளம் 5,000க்குள்ள இருந்து, போனஸ் சேர்ந்ததால தாண்டினா 13 விழுக்காடுதான்" என்று பெரியம்மா இன்னொன்றும் சேர்த்தார். எந்த நிரல் பாடத்திலும் இது எனக்குச் சொல்லித்தரப்படவில்லை.

ஓடூவில் இதைச் செய்வது கடினமல்ல. நிரல் தொகுப்புக்குள் 'டெஸ்ட்ஸ்' என்ற கோப்புறை வேண்டும். அதிலுள்ள கோப்புகளின் பெயர் 'டெஸ்ட்' என்று தொடங்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு சிறு சோதனை. அது உருவாக்கும் பொய்த் தொழிலாளி, பொய்ச் சம்பளம் எல்லாம் சோதனை முடிந்ததும் தரவுத்தளத்திலிருந்து தானாகவே நீங்கிவிடும்.

முதல் நாள் எல்லாம் 'தோல்வி பூஜ்யம்' என்று வந்தது. மகிழ்ந்துபோனேன். பிறகுதான் தெரிந்தது, கோப்பை இணைக்கும் ஒரு வரியை மறந்திருந்தேன். சோதனைகள் ஓடவே இல்லை! தொடங்குபவர்களுக்கு என் முதல் அறிவுரை இதுதான்: வேண்டுமென்றே தவறான விடையை எழுதி, சோதனை தோற்பதை ஒருமுறை கண்ணால் பாருங்கள். அதன்பின் சரியான விடையை எழுதுங்கள்.

எண்ணிக்கை மட்டும் போதாது

நிறுவனங்கள் பரவலாகப் பயன்படுத்தும் சேல்ஸ்ஃபோர்ஸ் தளத்தில் ஒரு விதி உண்டு. அதன் ஏபெக்ஸ் மொழியில் எழுதிய நிரலில் குறைந்தது 75 விழுக்காட்டைச் சோதனைகள் தொட்டிருந்தால்தான் அதை உண்மையான பயன்பாட்டுக்கு அனுப்ப முடியும். நல்ல விதிதான். ஆனால் 'தொடுவது' வேறு, 'சரிபார்ப்பது' வேறு. நிரலை ஓட்டிவிட்டு விடையைப் பார்க்காத சோதனையும் அந்தக் கணக்கில் சேரும். என் தவறான நிரலுக்கும் இந்த வழியில் நூற்றுக்கு நூறு வாங்கியிருக்கலாம்.

செயற்கை நுண்ணறிவிடம் சோதனை எழுதச் சொல்வது இன்று எளிது. ஆனால் நிரலை மட்டும் காட்டிக் கேட்டால், அந்த நிரல் தரும் 188.10ஐயே சரியான விடையாக அது எழுதி வைத்துவிடக்கூடும். எதிர்பார்க்கும் விடை நிரலிலிருந்து வரக்கூடாது. அது சட்டத்திலிருந்தும், அந்த வேலையைத் தெரிந்தவரிடமிருந்தும் வர வேண்டும்.

கணினியை அப்படியே நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டன் அஞ்சல் துறையே சாட்சி. அங்கே 1999இல் அறிமுகமான ஹொரைசன் கணக்கு மென்பொருள், கிளை அஞ்சலகங்களில் பணம் குறைவதாகத் தவறாகக் காட்டியது. நிர்வாகம் மென்பொருளை நம்பியது, மனிதர்களை நம்பவில்லை. திருட்டு, பொய்க்கணக்கு என்று 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டனர். அவர்களில் இந்திய வம்சாவளியினரும் உண்டு. மென்பொருளில் பிழைகள் இருந்ததை 2019இல் உயர்நீதிமன்றம் உறுதிசெய்தது. அத்தண்டனைகளை மொத்தமாக நீக்கத் தனிச் சட்டமே 2024இல் இயற்ற வேண்டியிருந்தது.

நமக்கு என்ன வேலை?

இ-இன்வாய்ஸ் விதியையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் 150,000 வெள்ளிக்குக் கீழ் விற்பனை உள்ளவர்களுக்கு விலக்கு என்றார்கள். அது 500,000 ஆகி, 2025 டிசம்பரில் ஒரு மில்லியன் ஆனது. 10,000 வெள்ளியைத் தாண்டும் ஒரே விற்பனையை மாத இறுதித் தொகுப்பில் சேர்க்காமல், தனி விலைப்பட்டியலாகவே அனுப்ப வேண்டும். சரியாக 10,000 என்றால்? 10,000.01 என்றால்? இரண்டு சோதனைகள் தயார். உள்நாட்டு வருமான வரி வாரியம் மைஇன்வாய்ஸ் அமைப்புக்கெனத் தனிச் சோதனைக் களமும் வைத்திருக்கிறது. உண்மையான வரிப் பதிவுகளைத் தொடாமல் அங்கே பழகலாம்.

ஐந்தாம் படிவத்தில் கணக்கியல் எடுப்பவர்களும், கல்லூரியில் வணிகம் படிப்பவர்களும் 'இது கணினி மாணவர்களின் வேலை' என்று ஒதுங்க வேண்டாம். சோதனையில் முக்கால்வாசி, சரியான விடையைத் தெரிந்து வைத்திருப்பதுதான். கணினி மாணவர்களும் ஒரு கணக்குப்பிள்ளையின் அருகில் அரைநாள் உட்கார்ந்து பாருங்கள்.

நாங்கள் எழுதிய தாள் இப்போதும் பெரியம்மாவின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. அதன் ஒவ்வொரு வரியும் என் நிரலில் ஒரு சோதனை. சேமநிதி விகிதம் அடுத்த முறை மாறும்போது, முதலில் அந்தத் தாளைத் திருத்துவோம். அப்போது சோதனைகள் சிவப்பில் சத்தம் போடும். நிரலில் கை வைப்பது அதற்குப் பிறகுதான்.