பள்ளியில் துப்பாக்கி: 24 மணி நேரப் பயிற்சியைச் சங்கம் ஏற்கவில்லை

ஓஹையோ ஆளுநர் மைக் டிவைன் 2022 ஜூன் 13 அன்று பள்ளி ஊழியர்கள் ஆயுதம் ஏந்தத் தேவையான பயிற்சியைக் குறைக்கும் 99ஆம் எண் மசோதாவில் கையெழுத்திட்டார். கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல 21 வயது நிரம்பியவர்களுக்கு இனி உரிமமும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே நாளில்தான். 2004இல் அந்த உரிமத்துக்கு 12 மணி நேரப் பயிற்சி கட்டாயமாக இருந்தது. பிறகு அது எட்டாகக் குறைந்தது. இப்போது மறைத்து எடுத்துச் செல்ல அதுவும் தேவையில்லை.

ஓஹையோவின் மாடிசன் பள்ளியில் 2016இல் நடந்த துப்பாக்கிச் சூட்டையும், அதன் பின் போதிய பயிற்சியின்றி ஊழியர்கள் ஆயுதம் ஏந்துவதை எதிர்த்துப் பெற்றோர் தொடுத்த வழக்கையும் நம் சங்க உறுப்பினர்கள் அறிவார்கள். அந்த வழக்கில், பள்ளியில் ஆயுதம் ஏந்தும் ஊழியருக்குக் காவலருக்குரிய அடிப்படைப் பயிற்சி வேண்டும், அல்லது 20 ஆண்டு காவல் பணி அனுபவம் வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2021 ஜூனில் தீர்ப்பளித்தது. அந்தப் பயிற்சி 700 மணி நேரத்துக்கும் மேல். தீர்ப்பு வந்து ஓராண்டு ஆவதற்குள் சட்டமன்றம் அதை 24 ஆக்கிவிட்டது. அதுவும் குறைந்தபட்சம் அல்ல, மாநிலம் கேட்கக்கூடிய உச்சவரம்பு!

இதே மாநிலத்தில் 16 வயதுப் பிள்ளை கார் ஓட்டும் உரிமம் பெற 24 மணி நேரம் வகுப்பில் உட்கார வேண்டும். பயிற்றுநருடன் 8 மணி நேரம் ஓட்ட வேண்டும். பெற்றோரையோ காப்பாளரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னும் 50 மணி நேரம் ஓட்ட வேண்டும், அதில் 10 மணி நேரம் இரவில். வகுப்பறையில் துப்பாக்கியோடு நிற்கப்போகிறவருக்கோ தொடக்கப் பயிற்சி எல்லாம் சேர்த்தே அதிகபட்சம் 24 மணி நேரம். நெருக்கடிச் சூழலை நடித்துப் பார்க்கும் பயிற்சிக்கு அதில் குறைந்தபட்சம் 4 மணி நேரம் என்றுதான் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். பிள்ளைகள் அலறி ஓடும் நடைவழியில், யார் தாக்க வந்தவன், யார் தன் மாணவன் என்று நொடியில் பிரித்தறிந்து சுட வேண்டியவருக்குக் கட்டாயம் நான்கே மணி நேரம். இதைப் பாதுகாப்பு என்று சொல்வதைச் சங்கத்தால் ஏற்க முடியாது.

டெக்சஸின் யுவால்டியில் ஒரு பள்ளியில் 2022 மே 24 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டை யாரும் மறந்திருக்க முடியாது. சீருடையும் முழுப் பயிற்சியும் உள்ள காவலர்கள் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் கதவுக்கு வெளியே நின்றார்கள். 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் உயிரிழந்தார்கள். அந்தக் காவலர்களாலேயே முடியாததை, 24 மணி நேரம் பயின்ற கணக்கு ஆசிரியரிடம் எதிர்பார்ப்பது அநியாயம். ஓஹையோ காவலர் சங்கமே இந்த மசோதாவை எதிர்த்தது.

தவறுதலான துப்பாக்கிச் சூடு, இழப்பீட்டுப் பொறுப்பு, ஆயுதத்தை வைக்கும் இடம் ஆகியவை குறித்தும் சங்கத்துக்குக் கவலை உண்டு.

முன்னாள் படைவீரர்களுக்கும் ஓய்வுபெற்ற காவலர்களுக்கும் விலக்கு தரலாமா என்பதில் சங்கத்தின் குழுவில் ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை. உரிய சூழலில், தகுந்த சான்றுடன், பரிசீலிக்கலாம் என்ற அளவில் சங்கம் இப்போதைக்கு நிற்கிறது. காவலர் தொலைவில் உள்ள கிராமப்புறப் பள்ளிகளின் அச்சத்தையும் சங்கம் உணர்கிறது. ஆனால் மறைத்து எடுத்துச் செல்லும் உரிமம் கையில் இருப்பதையே தகுதியாகக் கொள்வதில் சமரசம் கிடையாது.

அனுமதி தருவதும் மறுப்பதும் அந்தந்தப் பள்ளி வாரியத்தின் கையில்தான் இருக்கிறது. கூடுதல் பயிற்சி கேட்கவும் வாரியத்துக்குச் சட்டம் இடம் தருகிறது. சட்டம் 2022 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. உறுப்பினர்கள் தங்கள் வாரியக் கூட்டத்துக்கு நேரில் சென்று, அனுமதி மறுக்கும் தீர்மானத்தை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.